வலது கை நகங்கள்

கேள்வி: எனக்கு வயது 47. எட்டு மாதங்களுக்கு முன் நைலான் தந்தி பூட்டிய கிளாசிக்கல் கிட்டார் ஒன்றை வாங்கி, தினமும் அதிகாலை ஐந்து மணி முதல் ஆறரை மணி வரை வாசித்து வருகிறேன். மேடையேறும் ஆசை எனக்கு இல்லை. ஒரே ஒரு தந்தியை மீட்டி, அதன் ஒலி முற்றிலும் அடங்கும்வரை கேட்டுக்கொண்டிருக்கும்போது 'நான்' என்பதே மறைந்துவிடுகிறது. வழிபாட்டிலும் தியானத்திலும் கிடைக்காத அமைதி இதில் கிடைக்கிறது. 'கிங் கிரிம்சன்' ராக் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் ராபர்ட் ஃபிரிப் போன்றவர்கள் கிட்டாரை ஓர் அகப்பயிற்சியாகவே கற்பித்தார்கள் என்று அறிந்து ஊக்கம் பெற்றேன். ஆனால் வீட்டில் யாருக்கும் இது புரியவில்லை. மனைவி எதுவும் சொல்வதில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். (வலது கை நகங்களை வளர்த்து வருவதால், பக்கவாதத்தில் படுத்திருக்கும் அம்மாவைத் தூக்கி உட்காரவைப்பது, உடம்பு துடைத்துவிடுவது போன்றவற்றை இப்போது அவளே பார்த்துக்கொள்கிறாள்.) இது உண்மையான ஆன்மிக சாதகம்தானா, அல்லது என்னை நானே ஏமாற்றிக்கொள்கிறேனா? குடும்பத்தாருக்கு இதை எப்படிப் புரியவைப்பது?

பதில்: உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே கொடுத்திருக்கிறேன். முழுக் கடிதம் நான்கு பக்கம். அதில் ஒலியைப் பற்றி மூன்று பக்கம் இருக்கிறது. அம்மாவுக்கு ஒரே ஒரு வாக்கியம், அதுவும் அடைப்புக்குறிக்குள். இத்தகைய கடிதங்கள் எனக்குப் புதியவை அல்ல. கிட்டாருக்குப் பதிலாக யோகாசனம், மௌன விரதம், நெடுந்தூர ஓட்டம், மாதம் ஒரு யாத்திரை என்று பெயர்தான் மாறும். வீட்டில் ஒருவர் அமைதி தேடப் புறப்பட்ட நாளிலிருந்து இன்னொருவருடைய வேலை இரட்டிப்பாகியிருக்கும். அந்தச் செய்தி கடிதத்தின் ஏதோ ஒரு மூலையில் கைதவறி விழுந்ததுபோலக் கிடக்கும். ஆகவே உங்கள் இரண்டு கேள்விகளும் சற்று நேரம் காத்திருக்கட்டும். நான் அந்த அடைப்புக்குறியிலிருந்தே தொடங்குகிறேன்.

கிட்டார் வாசிப்பவரின் நகத்தைப் பற்றி எனக்கு ஓரளவு தெரியும். என் மகன் பதினோரு ஆண்டுகள் இந்த வாத்தியத்தைக் கற்றான். வலது கையில் சுண்டுவிரல் நீங்கலாக நான்கு விரல்களின் நகங்களும் நுனியைத் தாண்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நிற்க வேண்டும். அரத்தால் வடிவம் கொடுத்து, பிறகு மிக நுண்ணிய உப்புத்தாளால் ஓரத்தைப் பிசிறில்லாமல் இழைக்க வேண்டும், இல்லையென்றால் தந்தியில் நகம் உரசும் சத்தம் தனியாகக் கேட்கும். ஒருமுறை தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கையில் அவனுடைய நடுவிரல் நகம் கதவிடுக்கில் மாட்டி உடைந்துவிட்டது. பிங்பாங் பந்து ஒன்றை வெட்டி, அந்தத் துண்டை நகத்தோடு பசைபோட்டு ஒட்டி, அதையும் அரத்தால் தேய்த்துக்கொண்டு தேர்வுக்குப் போனான். கிட்டார்க்காரர்கள் நெடுநாளாகக் கையாளும் உத்தி அது என்பதைப் பிறகுதான் அறிந்தேன். ஆகவே 'நகம்தானே' என்று நான் அலட்சியமாகப் பேசப்போவதில்லை.

ஆனால் கணக்கு இடிக்கிறது. ஒரு பக்கம் செயலிழந்தவரை உட்காரவைப்பவர் ஒரு கையைத் தோளுக்குப் பின்னாலும் மற்றொன்றை முழங்காலுக்கு அடியிலும் கொடுத்துத் தூக்குகிறார். பாரம் முழுவதும் முன்கையிலும் தொடையிலும் இறங்குகிறது. நகத்துக்கு அதில் வேலையே இல்லை. முதியவர்களின் தோல் மெல்லியது, நகம் பட்டால் கீறிவிடும் என்பது சரியான எச்சரிக்கைதான். ஆனால் உங்கள் இடது கை நகங்கள் ஒட்ட வெட்டப்பட்டவை அல்லவா? அப்படி வெட்டாவிட்டால் தந்தியை ஃப்ரெட்டுக்கு (கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிக்கு) அருகே அழுத்தவே முடியாதே! அந்தக் கையால் ஈரத்துணியைப் பிடித்துத் துடைத்திருக்கலாம். வலது கைக்கு ஒரு ரப்பர் உறை மாட்டியிருக்கலாம். ஓர் ஒலி எந்தக் கணத்தில் அடங்குகிறது என்று அத்தனை நுணுக்கமாகக் கவனிக்கத் தெரிந்த உங்களுக்கு இந்த எளிய வழிகள் எட்டு மாதமாகத் தோன்றவில்லை என்றால், நகம் காரணமாக வரவில்லை, சாக்காகத்தான் வந்திருக்கிறது.

என் மாமியாரை ஆறு ஆண்டுகள் பார்த்துக்கொண்டவள் நான். தானாகப் புரண்டு படுக்க முடியாதவரை, புண் வராமல் இருக்க, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். இரவிலும் அதில் விதிவிலக்கு கிடையாது. அதிகாலை ஐந்து மணி என்பது விரிப்பு நனைந்திருக்கும் நேரம், மூன்று மணிக்கு ஒருமுறை எழுந்தவர் மறுபடியும் எழ வேண்டிய நேரம். நீங்கள் ஒரு தந்தியை மீட்டி 'நான்' மறைவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் அதே ஒன்றரை மணி நேரத்தில் உங்கள் மனைவி உங்கள் தாயின் பாரத்தைத் தனியாளாகத் தூக்கிக்கொண்டிருக்கிறார். பெற்ற பிள்ளை கைகால் சுகத்தோடு வீட்டுக்குள் இருக்கும்போது, அந்தத் தாயின் உடம்பைத் தொட்டுச் செய்யும் பணி முதலில் அந்தப் பிள்ளையுடையது. மருமகள் செய்வது அன்பினால் செய்யும் உதவி. இது பழைய காலத்துக் கருத்து என்று எனக்கு எழுதுகிறவர்கள் உண்டு. இருக்கட்டும், நான் மாற்றிக்கொள்வதாக இல்லை. மகனுடைய கை எட்டு மாதமாக ஏன் தன்மேல் படவில்லை என்று படுக்கையில் இருப்பவர் யோசிக்கமாட்டார் என்றா நினைக்கிறீர்கள்?

நகத்தை வெட்டினால் ஓசை கெட்டுவிடும் என்பீர்கள். அந்த வழக்கு கிட்டார் உலகில் இருநூறு ஆண்டுகளாக நடந்துகொண்டிருக்கிறது. ஸ்பானியக் கிட்டார் கலைஞர் ஃபெர்னாண்டோ சோர் (1778–1839) விரற்சதையால் வாசித்தவர். 1830-இல் வெளியிட்ட தம் பயிற்சி நூலில் நகத்தால் எழும் ஓசையைக் குறைகூறியிருக்கிறார். அவருடைய நண்பர் தியோனிசியோ அகுவாதோ நகத்தால் வாசித்தவர். இருவரும் சேர்ந்து வாசிப்பதற்கென்றே சோர் ஓர் இருவர் இசை இயற்றினார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. நவீன வாசிப்பு முறைக்கு அடித்தளமிட்ட பிரான்சிஸ்கோ தாரெகா (1852–1909) பல ஆண்டுகள் நகத்தால் வாசித்துவிட்டுத் தம் கடைசிப் பத்தாண்டில் நகங்களை வெட்டிவிட்டு விரற்சதைக்கு மாறினார். 1906-இல் பக்கவாதத்தால் அவருடைய வலப்பக்கம் செயலிழந்தது, முழுமையாக மீளாத உடம்போடுதான் அதன் பிறகும் வாசித்தார். அவருடைய மாணவர் எமிலியோ புஜோலும் நகமின்றியே வாசித்தார். ஆந்த்ரேஸ் செகோவியா போன்றவர்கள் நகத்தின் பக்கம் நின்றார்கள் என்பதும் உண்மை. நகம் பட்ட ஓசை கூர்மையானது, பெரிய அரங்கின் கடைசி வரிசைவரை எட்டக்கூடியது. சதை பட்ட ஓசை தணிந்தது, உருண்டையானது. மேடை ஆசை இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் எந்தக் கடைசி வரிசைக்காக வளர்க்கிறீர்கள்?

ஃபிரிப்பை நீங்கள் துணைக்கு அழைத்ததால் அதையும் பார்த்துவிடுவோம். அவர் 1985-இல் கிட்டார் பயிற்சி முகாம்களைத் தொடங்குவதற்குப் பத்து ஆண்டுகள் முன்பு, இங்கிலாந்தில் ஆன்மிக ஆசிரியர் ஜே. ஜி. பென்னெட் நிறுவிய ஷெர்போர்ன் இல்லத்தில் பத்து மாத காலம் தங்கிப் பயின்றார். அங்கே சமையலறை வேலையும் வீட்டைத் துப்புரவு செய்வதும் பயிற்சியின் பகுதிகளாகவே இருந்தன. தியானம் செய்கிறேன் என்று சொல்லிப் பாத்திரத்தை அடுத்தவரிடம் தள்ளிவிட வழியில்லை. உங்களுக்கு வேண்டிய பாதியை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. ஓர் ஒலி அடங்கும்வரை மனம் சிதறாமல் கேட்பது உண்மையான பயிற்சி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உங்களுக்குக் கிடைக்கும் அமைதியும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் ஐந்து மணிக்கு மறைந்த அந்த 'நான்' ஆறரை மணிக்குத் திரும்பி வந்து முதல் காரியமாகத் தன் நகங்கள் பத்திரமாக இருக்கின்றனவா என்று பார்க்கிறது. சாதகம் என்ற சொல்லுக்கு நம் மொழியில் 'வசதியானது' என்ற பொருளும் இருக்கிறது. நீங்கள் எந்தப் பொருளில் அதை எழுதினீர்கள் என்று எனக்குத் தெளிவாகவில்லை. இரண்டாம் கேள்விக்குப் பதில் சிறியது. உங்கள் மனைவிக்கு எல்லாம் புரிந்திருக்கிறது. அதனால்தான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

கிட்டாரை விட்டுவிடச் சொல்லமாட்டேன். இன்று இரவே வலது கை நகங்களை ஒட்ட வெட்டுங்கள். மாதத்துக்கு ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் வளரும் பொருள் அது, பின்னால் மனம் மாறினால் வளர்த்துக்கொள்ளலாம். இனி அதிகாலை வேலை உங்களுடையது. விரிப்பு மாற்றி, உடம்பு துடைத்து, அம்மாவை உட்காரவைத்த பிறகு மீதி நேரம் இருந்தால், அதே அறையில், அவர் கேட்க விரும்பினால் அவர் கேட்கும்படி, வெறும் கட்டைவிரல் சதையால் மீட்டுங்கள். மனைவி தூங்கட்டும். இந்த மாற்றத்தை அவரிடம் ஒரு பெரிய தியாகம்போல அறிவிக்க வேண்டாம். ஒன்றை மட்டும் இன்றே அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: அம்மாவைத் தூக்கும்போது எந்தப் பக்கம் முதலில் கைகொடுக்க வேண்டும், எங்கே தொட்டால் அவருக்கு வலிக்கிறது என்று. எட்டு மாதங்களுக்கு முன் உங்களுக்குத் தெரிந்திருந்தது இப்போது மாறியிருக்கும்.