ரீபிரீதருக்குச் சொந்தமாக ஆக்சிஜன் கட்டுப்பாடு: கேள்வி பதில்

விட்ட மூச்சை வீணாக்காமல், அதிலுள்ள கரியமில வாயுவைச் சோடா லைமில் உறிஞ்சவிட்டு, உடல் செலவழித்த ஆக்சிஜனை ஈடுகட்டித் திரும்பத் தரும் முக்குளிப்புக் கருவி ரீபிரீதர். ஆக்சிஜன் சேர்க்கும் பகுதியைத் தாமே அமைப்பவர்களின் கேள்விகள் இவை.

கேள்வி: நுண்துளை வழியே நிமிடத்துக்கு 0.7 லிட்டர் வருமாறு கரையில் அளந்து வைத்தேன். ஆழத்தில் அதிகம் வருகிறதே?

பதில்: துளையைக் குறை சொல்லாதீர்கள், கோளாறு ரெகுலேட்டரில். சிலிண்டரின் உயர் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் சாதாரண முதல்நிலை ரெகுலேட்டர், நீரழுத்தம் ஏற ஏறத் தன் அழுத்தத்தையும் ஏற்றிக்கொள்ளும். அதன் சவ்வின் மீது நீரழுத்தம் படாதபடி அடைத்துவிட்டால் வெளிவரும் அழுத்தம் மாறாது. துளைக்கு முன்னே உள்ள அழுத்தம் பின்னே உள்ளதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு இருக்கும்வரை வாயு அங்கே ஒலிவேகத்தில் பாயும். வெளியே என்ன அழுத்தம் என்று அது கவலைப்படாது. முன்னே 11 பார் (கடல்மட்டக் காற்றழுத்தம் ஏறத்தாழ 1 பார்) என்றால் 45 மீட்டர் வரை நம்பலாம். அதற்குக் கீழே வரத்து குறைந்துகொண்டே போய், 100 மீட்டரில் நின்றேவிடும். கூடவே ஓர் அழுத்த விடுப்பு வால்வு கட்டாயம். ரெகுலேட்டர் கசிந்தால் குழாய் வெடிக்கும்.

கேள்வி: 0.7 லிட்டர் சரியான அளவா?

பதில்: அவரவர் உடலைப் பொறுத்தது. நிதானமாக நீந்தும்போது நீங்கள் செலவழிப்பதைவிடச் சற்றுக் குறைவாக வையுங்கள். மிச்சத்தைப் பொத்தானை அழுத்திச் சேர்க்கலாம்.

கேள்வி: சிலிண்டர் பக்கம் பந்து வால்வு போடலாமா?

பதில்: கூடாது. சட்டென்று திறந்தால் ஆக்சிஜன் நொடியில் அமுங்கிச் சூடேறும். உள்ளே துளி எண்ணெய் இருந்தாலும் பற்றிக்கொள்ளும். மெதுவாகத் திறக்கும் வால்வுதான் வேண்டும்.

கேள்வி: ஆக்சிஜன் அளவைக் காட்டும் மூன்று சென்சாரில் இரண்டு ஒத்துப்போனால் போதும்தானே?

பதில்: இரண்டும் ஒரே நாளில் வாங்கிய கிழடுகளாக இருந்தால்? காற்றில் 10 மில்லிவோல்ட் காட்டும் சென்சாரைச் சிறிய அழுத்தக் கலத்தில் வைத்து, தூய ஆக்சிஜனை 1.6 பாருக்கு ஏற்றிப் பாருங்கள். 76 அளவுக்குப் போக வேண்டும். 60-இலேயே நின்றுவிட்டால், அதற்கு மேல் என்ன நடந்தாலும் அதற்குத் தெரியாது. தூக்கிப் போடுங்கள்.

கேள்வி: ஆக்சிஜன் குறைந்தால் மூச்சுமுட்டுமே, அதிலேயே தெரிந்துவிடாதா?

பதில்: தெரியாது. மூச்சுமுட்ட வைப்பது கரியமில வாயு. அதைத்தான் சோடா லைம் உறிஞ்சிவிடுகிறதே. சொல்லாமல் கொள்ளாமல் மயக்கம்தான் வரும்.