மருந்துப் பரிசோதனையில் தம்பிக்குப் பாதிப்பு: மூன்று வழக்கு போடலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 24 வயது. பிறந்ததிலிருந்தே ஹீமோஃபீலியா ஏ, ரத்தம் சரியாக உறையாத நோய். ரத்தம் உறைய உதவும் ஃபேக்டர் 8 போட்டுப் போட்டு, அதை வேலை செய்யவிடாத இன்ஹிபிட்டர் உடம்பில் வந்துவிட்டது. வழக்கமாகப் போகும் அரசு மருத்துவமனையில், "புது மருந்து, தோலுக்கடியில் போடும் ஊசி, எல்லாம் இலவசம்" என்று சொல்லி ஒரு மருந்துப் பரிசோதனையில் சேர்த்துக்கொண்டார்கள். ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்து வாங்கி, அவசரத்துக்குக் கூப்பிட நம்பர் போட்ட ஓர் அட்டை கொடுத்தார்கள். நாலாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழங்காலில் ரத்தக்கசிவு. அட்டையில் இருந்த நம்பருக்கு இரண்டு தடவை போன் செய்தோம், யாரும் எடுக்கவில்லை. பக்கத்துத் தனியார் மருத்துவமனையில் பைபாஸ் மருந்து, அதாவது ஃபேக்டர் 8 இல்லாமலே ரத்தத்தை உறைய வைக்கும் ஊசி போட்டார்கள். இரண்டு நாளில் வலது காலில் ரத்தக்கட்டி. 11 நாள் அட்மிஷன், 3.4 லட்சம் செலவு. பரிசோதனை டாக்டரிடம் போய்க் கேட்டால், "யாரைக் கேட்டு அந்த ஊசியைப் போட்டீர்கள்?" என்று எல்லார் முன்னாலும் கத்துகிறார். என் தம்பியை எலியாக்கிவிட்டார்கள். டாக்டர் மேல் கிரிமினல் வழக்கு, கம்பெனி மேல் ஒரு கோடி கேட்டு வழக்கு, ஊசி போட்ட தனியார் மருத்துவமனை மேல் நுகர்வோர் வழக்கு, மூன்றையும் போடலாமா? கம்பெனி சார்பில் ஒருவர் 1.5 லட்சம் தருவதாகச் சொல்லி ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கிறார். போடலாமா?

வக்கீலின் பதில்: கையெழுத்துப் போடாதீர்கள். மூன்று வழக்கில் எதையும் இப்போது போடாதீர்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

நீங்கள் நாலு பக்கம் எழுதியிருந்தீர்கள். டாக்டர் பேசிய பேச்சு, வராண்டாவில் காக்க வைத்தது, கம்பெனியின் லாபம் என்று எல்லாம் இருக்கிறது. சட்டத்துக்கு வேண்டியது அதில் ஒரே வரி: "அட்டையில் இருந்த நம்பருக்கு இரண்டு தடவை போன் செய்தோம், யாரும் எடுக்கவில்லை." அதைப் போகிற போக்கில் எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். உங்கள் கேஸ் நிற்பதும் விழுவதும் அந்த இரண்டு போன் காலில்தான்.

2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருந்துப் பரிசோதனை விதிகளின்படி, பரிசோதனையால் பாதிப்பு வந்தால் அதை நடத்த வைக்கும் ஸ்பான்சர் கம்பெனி இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும். இதற்கு டாக்டர் தப்பு செய்தார் என்று நிரூபிக்கத் தேவையே இல்லை. பாதிப்புக்கும் பரிசோதனைக்கும் தொடர்பு இருந்தால் போதும். மருந்தின் பக்க விளைவா, சரி. திட்டத்தில் சொன்னபடி நடக்காததா, சரி. பரிசோதனை நடத்தும் டாக்டரின் கவனக்குறைவா, அதுவும் சரி. எனவே டாக்டர் நல்லவரா கெட்டவரா என்ற கேள்வியே இங்கே எழவில்லை. தொடர்பு இருக்கிறதா என்பது மட்டும்தான் கேள்வி.

எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று எனக்கு இப்போதே தெரியும். "எங்கள் மருந்தால் கட்டி வரவில்லை. எங்களைக் கேட்காமல் வெளியே போட்டுக்கொண்ட பைபாஸ் ஊசியால் வந்தது. வேறு ஊசி போடுவதற்கு முன் எங்களைக் கூப்பிட வேண்டும் என்று படிவத்திலேயே இருக்கிறது." இந்த வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஹீமோஃபீலியாவுக்கு வந்திருக்கும் புது வகை மருந்துகள் சிலவற்றோடு பைபாஸ் மருந்தை வழக்கமான அளவில் சேர்த்துப் போட்டால் ரத்தம் கட்டும் ஆபத்து உண்டு என்பது மருத்துவ உலகம் அறிந்ததுதான். அதற்காகத்தான் அந்த அட்டையையும் அந்த நம்பரையும் கொடுக்கிறார்கள். கூப்பிட்டும் எடுக்கவில்லை என்றால் கதை தலைகீழாகிறது. எந்த நேரமும் கூப்பிடலாம் என்று நம்பர் கொடுத்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை எடுக்காததால்தான், ரத்தம் கசியும் முழங்காலோடு தம்பி வேறு இடம் போக வேண்டியதாயிற்று. அது அவர்கள் பக்கக் குறை.

ஆகவே முதல் வேலை அந்த இரண்டு போன் அழைப்புகளுக்கான ஆதாரம். எந்தப் போனிலிருந்து பேசினீர்களோ அந்தப் போனை மாற்ற வேண்டாம், ரீசெட் செய்ய வேண்டாம், பழுதுபார்க்கக் கொடுக்க வேண்டாம். போனில் உள்ள அழைப்புப் பட்டியலைப் படமெடுத்து வையுங்கள். சிம் நிறுவனத்திடம் அந்த நாளின் அழைப்பு விவரத்தை எழுத்தில் கேளுங்கள். பின்னால் எந்த மன்றத்துக்குப் போனாலும் பாரதிய சாட்சிய அதிநியம் (சாட்சியச் சட்டம்) 63-ஆவது பிரிவின்படி மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழ் கேட்பார்கள். போன் கையில் இருந்தால் அது பெரிய காரியமில்லை.

அடுத்தது அந்த அட்டை. தனியார் மருத்துவமனையில் அதைக் காட்டினீர்களா? உங்கள் கடிதத்தில் இல்லை. காட்டியிருந்தால் கேஸ் ஷீட்டில் "மருந்துப் பரிசோதனையில் இருக்கிறார், தொடர்புகொள்ள முயன்றும் பதில் இல்லை" என்று யாராவது ஒரு டியூட்டி டாக்டர் கிறுக்கி வைத்திருப்பார். அந்த ஒற்றை வரி கிடைத்தால் நான் பாதி ஜெயித்த மாதிரி. மருத்துவப் பதிவுகளை எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ கவுன்சில் ஒழுங்குமுறை. டிஸ்சார்ஜ் சம்மரியோடு திரும்பி வந்துவிடாதீர்கள். ஊசி போட்ட நேரமும் அளவும் இருக்கும் நர்சிங் சார்ட்டையும் சேர்த்து வாங்குங்கள்.

இப்போது நீங்கள் கேட்ட மூன்று வழக்கு. கிரிமினல் வழக்கை மறந்துவிடுங்கள். 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த வழிமுறைப்படி, இன்னொரு மருத்துவரின் சுயேச்சையான கருத்து இல்லாமல் டாக்டர் மேல் போலீஸ் நடவடிக்கை எடுக்காது. அதைவிட முக்கியம், உங்கள் தம்பியின் பாதிப்பு பரிசோதனையால் வந்ததா என்று முதல் அறிக்கை எழுதப்போவது அதே டாக்டர்தான். அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டு "ஆமாம், தொடர்பு உண்டு" என்று எழுதச் சொன்னால் எழுதுவாரா? சொந்த வக்கீலைக் கேட்டுத்தான் பேனாவையே திறப்பார்.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: அரசு மருத்துவமனை மேல் நுகர்வோர் வழக்கும் ஓடாது. எல்லாருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனை அந்தச் சட்டத்துக்குள் வராது என்பது 1995-இலேயே முடிந்துபோன விஷயம்.

நான் உண்மையில் பயப்படுவது உங்கள் மூன்றாவது வழக்கைப் பார்த்துத்தான், அந்தத் தனியார் மருத்துவமனை மேல் போட நினைக்கிறீர்களே, அது. காசு கொடுத்து வாங்கிய சிகிச்சை என்பதால் அது ஓடும். அதுதான் கண்ணி. அந்தப் புகாரில் என்ன எழுதுவீர்கள்? "போடக் கூடாத ஊசியைப் போட்டார்கள், அதனால் கட்டி வந்தது" என்றுதானே? ஸ்பான்சர் கம்பெனிக்கு வேண்டியது அந்த வாக்கியம்தான். என்னிடம் வந்த ஒரு கட்சிக்காரர், வேறு நோய், வேறு பரிசோதனை, இப்படித்தான் அவசரப்பட்டு வெளி மருத்துவமனை மேல் புகார் கொடுத்துவிட்டு வந்தார். கம்பெனி அந்தப் புகாரின் நகலை நிபுணர் குழு முன்னால் வைத்தது. "பாதிப்புக்கு வேறு காரணம் இருப்பதாக நோயாளியே சொல்கிறார்" என்று ஒரு வரி. நாங்கள் அப்புறம் எழுதிய எந்த விளக்கமும் எடுபடவில்லை. தன் வாயாலேயே கெட்ட கேஸ். நுகர்வோர் வழக்குக்கு இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது. அதைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

ஆங்கிலப் படிவம் பற்றி ஒரு வார்த்தை. புரியும் மொழியில் விளக்காமல் வாங்கியது தப்புதான், பரிசோதனையைக் கண்காணிக்கும் எத்திக்ஸ் கமிட்டிக்கு எழுதும் கடிதத்தில் ஒரு பத்தி எழுதுங்கள். ஆனால் அதையே பெரிய ஆயுதமாக எடுக்காதீர்கள். இதற்கு முன் மருந்தாக வராத புதிய மூலக்கூறு என்றால், எளிதில் வற்புறுத்தலுக்கு ஆளாகக்கூடியவர்களிடம் ஒப்புதல் வாங்குவதை வீடியோவில் பதிய வேண்டும் என்று விதி இருக்கிறது. அப்படி ஒரு வீடியோ இருந்து, "எங்களைக் கேட்காமல் வேறு ஊசி போடக் கூடாது, சரியா?" என்று கேட்கும்போது தம்பி தலையாட்டுவது அதில் இருந்தால் என்ன செய்வீர்கள்? அவரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அப்புறம் வீடியோவைப் பற்றிப் பேசலாம்.

இனிப் பணம். கம்பெனி மேல் போட நினைக்கும் இரண்டாவது வழக்கில் ஒரு கோடி என்று எழுதியிருக்கிறீர்கள். இழப்பீட்டுக்கு அந்த 2019 விதிகளின் ஏழாவது அட்டவணையில் சூத்திரமே இருக்கிறது. காலில் வந்த கட்டி கரைந்து, பாதிப்பு முழுதாகச் சரியாகிவிட்டால், டெல்லியில் பயிற்சியற்ற தொழிலாளிக்கு உள்ள குறைந்தபட்ச நாள் கூலியைப் போல இரண்டு மடங்கு, அதை மருத்துவமனையில் இருந்த நாட்களால் பெருக்க வேண்டும். உங்கள் கணக்கில் 11 நாள். அதாவது 22 நாள் கூலி. அவ்வளவுதான். இதைக் கேட்டதும் கட்சிக்காரர்கள் முகம் போகிற போக்கைப் பார்த்திருக்கிறேன். ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

கால் வீக்கம் நிரந்தரமாகி, நடையில் ஊனம் என்று வந்தால் கணக்கு வேறு. உயிரிழப்புக்கு என்ன தொகை வருமோ, அதில் 90 சதவீதத்தை ஊனத்தின் சதவீதத்துக்கு ஏற்பத் தருவார்கள். அடிப்படைத் தொகை 8 லட்சம். 24 வயதுக்கான காரணி 218.47, அதை 99.37-ஆல் வகுக்க வேண்டும். நோயின் தீவிரத்துக்கு ஏற்ப 0.5 முதல் 4 வரை ஓர் எண்ணால் பெருக்குவார்கள். அந்த எண் 2 என்று வைத்துக்கொண்டால் உயிரிழப்புக்கு சுமார் 35 லட்சம். 30 சதவீத ஊனத்துக்கு சுமார் 9.5 லட்சம். ஒரு கோடி எந்தக் கணக்கிலும் வராது.

இங்கேதான் ரத்தக் கோளாறு உள்ளவர்கள் அதிகம் வழுக்கி விழுகிறார்கள். உங்கள் தம்பி கையில் ஊனச் சான்றிதழ் ஏற்கெனவே இருக்கும், 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஹீமோஃபீலியா இருப்பதால் பலர் வாங்கி வைத்திருக்கிறார்கள். முழங்கால் பழைய ரத்தக்கசிவுகளாலேயே தேய்ந்திருக்கும். "இது பழைய கால், பழைய ஊனம்" என்று கம்பெனி சொல்லும். எனவே பழைய சான்றிதழில் எந்த மூட்டுக்கு எத்தனை சதவீதம் என்று பாருங்கள். பரிசோதனையில் சேர்க்கும் முன் எடுத்த டெஸ்ட் முடிவுகளில் வலது காலின் நிலை என்ன என்று கேட்டு வாங்குங்கள். புதிய மதிப்பீடு எடுக்கும்போது கட்டியால் வந்த பாதிப்பைத் தனியாக எழுதச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே சதவீதமாக வாங்கினால் அந்தச் சான்றிதழ் உங்களுக்கு எதிராகவே பேசும். அதிகச் சதவீதம் வாங்கிவிட்டோம் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு வந்தவர்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. நீங்கள் பரிசோதனை டாக்டரிடம் வாய்மொழியாகச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தீவிர பாதிப்பை டாக்டர் 24 மணி நேரத்துக்குள் டெல்லியில் உள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கும் ஸ்பான்சருக்கும் எத்திக்ஸ் கமிட்டிக்கும் சொல்ல வேண்டும், 14 நாளில் ஆய்வு அறிக்கை, 30 நாளில் கமிட்டியின் கருத்து என்று வரிசையாகப் போகும். முதல் காகிதம் போகவில்லை என்றால் மீதி எதுவும் நகராது. உங்கள் விஷயத்தில் போனதா என்பதே தெரியவில்லை. எனவே தம்பி பெயரில், தம்பி கையெழுத்தோடு ஒரு கடிதம். அவர் மேஜர், அக்கா கையெழுத்துப் போட்ட மனுவுக்கு மதிப்பில்லை. டாக்டருக்கும் எத்திக்ஸ் கமிட்டித் தலைவருக்கும் பதிவுத் தபாலில், டெல்லிக்கு ஒரு நகல். கோபம் வேண்டாம். என்ன நடந்தது, எத்தனை மணிக்குப் போன் செய்தோம், எப்போது கட்டி கண்டுபிடிக்கப்பட்டது, "தீவிர பாதிப்பாகப் பதிவு செய்யப்பட்டதா என்று தெரிவிக்கவும்." ஒரு பக்கம் போதும்.

தம்பி இனி அந்த மருந்து வேண்டாம் என்கிறார். நிறுத்தலாம், எப்போது வேண்டுமானாலும் விலக அவருக்கு உரிமை உண்டு. ஆனால் "பரிசோதனையிலிருந்து முழுவதும் விலகிக்கொள்கிறேன்" என்று எழுதிக் கொடுக்காதீர்கள். "மருந்தை நிறுத்துகிறேன், உடல்நிலையைக் காட்டத் தொடர்ந்து வருவேன்" என்று எழுதுங்கள். இலவச சிகிச்சை ஸ்பான்சரின் கடமை. பாதிப்புக்குப் பரிசோதனையோடு தொடர்பில்லை என்று முடிவாகும்வரை அதைக் கேட்டு வாங்கலாம். தனியாரிடம் ரிவ்யூ போவதை நிறுத்திவிட்டு, மருந்துப் பரிசோதனை நடக்கும் மருத்துவமனையிலேயே காலைக் காட்டுங்கள். அங்கே கிடைக்கும் ஃபேக்டர் நின்றுவிடுமோ என்று பயப்படுகிறீர்கள். அது அரசு தருவது, கம்பெனி தருவதல்ல. விலகினாலும் நிறுத்த முடியாது.

கடைசியாக அந்த 1.5 லட்சம். நீங்கள் அனுப்பிய தாளில் "நோயின் இயல்பான போக்கினால் ஏற்பட்ட உடல்நலக் குறைவுக்காக, நல்லெண்ண அடிப்படையில்" என்று இருக்கிறது, கீழே "மேற்கொண்டு எந்தக் கோரிக்கையும் இல்லை". முதல் வாக்கியம்தான் ஆபத்தானது. சமரசத்துக்கு நான் எதிரியல்ல. ஸ்கேனில் கட்டி கரைந்துவிட்டது, நடை பழையபடி வந்துவிட்டது என்று டாக்டர்கள் சொன்னால், தனியார் மருத்துவமனைச் செலவை ஒப்புக்கொள்ள வைப்பதே உங்களுக்குப் பெரிய வெற்றி. 22 நாள் கூலிக்காக வருடக்கணக்கில் அலைய வேண்டாம், பில்லில் எவ்வளவு முடியுமோ பேசி வாங்கிக்கொண்டு முடித்துவிடுங்கள். 1.5 லட்சத்தோடு நிற்க வேண்டியதில்லை. 3.4 லட்சத்துக்கும் ரசீது இருக்கிறது, முழுதையும் கேளுங்கள். ஆனால் அந்த ஸ்கேன் வரும்வரை, தருகிற பணத்தை வங்கி வழியாக மட்டும் வாங்கி, ரசீதில் "மருத்துவச் செலவுக்கு மட்டும்" என்று தம்பி கைப்பட எழுதட்டும். அவர்கள் கொண்டுவந்த தாளின் ஒரு நகலை எடுத்து வைத்துக்கொண்டு, தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.