சினிமாவில் உச்சத்தில் இருக்கும்போதே நாடக மேடைக்குப் போன நடிகர் யாராவது உண்டா?

எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் பிரான்சின் ஜெரார் ஃபிலிப். பிரெஞ்சு படித்துக்கொண்டிருந்தபோது 'குட்டி இளவரசன்' கதையின் பழைய ஒலிப்பதிவு ஒன்றைக் கேட்டேன். கதைசொல்லியின் குரல் பிடித்துப்போய், யார் இவர் என்று தேடியதில்தான் இவரைத் தெரியவந்தது.

1922-இல் கான் நகரில் பிறந்தவர். நாஜிகளோடு ஒத்துழைத்ததற்காகப் போருக்குப் பின் அப்பாவுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அவர் ஸ்பெயினுக்குத் தப்பிவிட்டார். மகனோ 1944-இல் பாரிஸ் விடுதலைக்கான சண்டையில் கலந்துகொண்டவர். 1945-இல் எழுத்தாளர் ஆல்பர் காம்யுவின் 'கலிகுலா' நாடகத்தில் பித்துப்பிடித்த பேரரசனாக நடித்துப் பெயர் வாங்கினார். இரண்டே வருடத்தில் சினிமா நட்சத்திரம்.

சரி, கேள்விக்கு வருகிறேன். ழான் விலார் என்ற இயக்குநர், 17-ஆம் நூற்றாண்டு நாடகாசிரியர் கோர்னெயின் 'ல சித்' நாடகத்தில் நடிக்கக் கூப்பிட்டபோது, துன்பியல் நாடகம் தனக்குச் சரிவராது என்று முதலில் மறுத்தவர் இவர். அப்புறம் 1950-இல் தானே விலாரைத் தேடிப் போய், உங்களோடு வேலை செய்கிறேன் என்றார். அடுத்த கோடையில் தென் பிரான்சின் அவிஞோன் நகர நாடக விழாவில் அதே 'ல சித்'. ஒத்திகையில் மேடையிலிருந்து விழுந்து அடிபட்டுக்கொண்டார். வாள் பிடித்துப் பாய வேண்டிய வீரன் வேடத்தை, முதல் காட்சியில் உட்கார்ந்தபடியேதான் நடித்தார்!

விலார் அப்போது பொறுப்பேற்ற தேசிய மக்கள் நாடக அரங்கு இருக்கிறதே, அதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். டிக்கெட் மலிவு. இடம் காட்டுபவர்களுக்கு டிப்ஸ் கிடையாது. போஸ்டரில் நடிகர்களின் பெயர்கள் அகரவரிசைப்படிதான். 1952-இல் 'ஃபான்ஃபான் லா துலிப்' படம் வந்து உலகம் முழுக்க இவர் முகம் தெரிந்த பிறகும், அந்த வரிசையில் தன் எழுத்துக்குரிய இடத்திலேயே இவர் பெயர் இருந்தது. டைட்டிலில் யார் பெயர் முதலில் வருவது என்று நடக்கும் சண்டைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதை நம்பக் கொஞ்ச நேரம் பிடிக்கும். பிற்பாடு ஃபிலிப் பிரெஞ்சு நடிகர் சங்கத் தலைவராகவும் இருந்தார்.

படங்களில் எல்லாமே தேறியதில்லை. 1956-இல் அவரே இயக்கிய படம் எடுபடவில்லை. 'மோன்பர்னாஸ் 19'-இல் ஓவியர் மொதில்யானியாக வருவதை மட்டும் தவறவிடாதீர்கள்.

1959 நவம்பரில் வயிற்றில் அறுவை சிகிச்சை. கல்லீரல் புற்றுநோய் முற்றியிருந்தது. அவரிடம் சொல்ல வேண்டாம் என்று மனைவி ஆன் முடிவெடுத்தார். குணமாகிவிடுவோம் என்ற நினைப்பிலேயே, 37-வது பிறந்தநாளுக்குச் சில நாள் முன்பு, நவம்பர் 25 அன்று இறந்துபோனார். தென் பிரான்சில் ரமத்துவெல் என்ற ஊரில், 'ல சித்' நாடகத்தில் போட்ட அதே உடையில் அவரை அடக்கம் செய்தார்கள்.