வாசகர் கேள்வி – பதில்: வசனத்தைக் கடைசியிலிருந்து பாருங்கள்

கேள்வி: தரம் 7 பிள்ளைகள் சுற்றுலாக் கட்டுரை முழுவதையும் ஒரே வசனமாக எழுதி வைக்கிறார்கள். சிவப்புப் பேனையால் எல்லாவற்றையும் திருத்திக் கொடுத்தாலும் அடுத்த கட்டுரையில் அதே பிழை. என்ன செய்யலாம்? (ஆசிரியை, மூதூர்)

நீங்கள் அனுப்பிய வசனத்தையே எடுத்துக்கொள்வோம் (கன்னியா, திருகோணமலையில் வெந்நீர்க் கிணறுகள் உள்ள இடம்): "நாங்கள் காலையில் பஸ்ஸில் ஏறி கன்னியாவுக்குப் போய் கிணறுகளைப் பார்த்து தண்ணீர் சூடாக இருந்து ஆசிரியர் விளக்கம் சொல்லி எல்லோரும் குளித்துச் சாப்பிட்டு வீட்டுக்கு வந்தோம்."

தமிழில் முற்றுவினை, அதாவது வசனத்தை முடிக்கும் வினை, பெரும்பாலும் கடைசியில்தான் வரும். அது வரும்வரை பிள்ளை எழுவாயை, அதாவது செயலைச் செய்பவரை, மனதில் வைத்திருக்க வேண்டும். நடுவில் "ஏறி", "போய்" போன்ற முடியாத வினைகள், அதாவது எச்சங்கள், கூடக்கூட எழுவாய் மறந்துபோகும். அதனால் வசனத்தைக் கடைசியிலிருந்து பார்க்கப் பழக்குங்கள். "வந்தோம்" என்பதன் கீழ் ஒரு கோடு. யார் வந்தது? நாங்கள். இனி ஒவ்வோர் எச்சத்துக்கும் அதே கேள்வி. ஏறியது யார்? நாங்கள். போனது? நாங்கள். சூடாக இருந்தது? தண்ணீர். விளக்கம் சொன்னது? ஆசிரியர். இப்படி ஆள் மாறும் இடங்களில் வசனத்தை வெட்ட வேண்டும்; ஆள் மாறாவிட்டாலும் வசனம் நீண்டால் வெட்டலாம்:

"நாங்கள் காலையில் பஸ்ஸில் ஏறிக் கன்னியாவுக்குப் போனோம். அங்குள்ள ஏழு கிணறுகளையும் பார்த்தோம். தண்ணீர் சூடாக இருந்தது. ஆசிரியர் அதற்கு விளக்கம் சொன்னார். பிறகு எல்லோரும் குளித்துச் சாப்பிட்டு வீட்டுக்கு வந்தோம்."

வெட்டியதும் இன்னொன்றும் வெளியே வரும். ஆசிரியர் என்ன விளக்கம் சொன்னார் என்பதை அந்தப் பிள்ளை எழுதவேயில்லை. நீண்ட வசனத்துக்குள் அந்தக் குறை மறைந்து கிடந்தது.

ஆனால் எழுவாய் மாறினாலே பிழை என்று கோடு போட்டுவிட வேண்டாம். "மழை பெய்து குளம் நிறைந்தது" நல்ல தமிழ். மழை பெய்ததால்தான் குளம் நிறைந்தது. தண்ணீர் சூடாக இருந்ததற்கும் ஆசிரியர் பேசியதற்கும் இடையில் அந்தக் கட்டு இல்லை.

40 நிமிடப் பாடவேளையில் முதல் 10 நிமிடம் ஒரு பிள்ளையின் வசனத்தைப் பெயர் சொல்லாமல் பலகையில் எழுதி எல்லோருமாக வெட்டுங்கள். அடுத்த 15 நிமிடம் இருவர் இருவராக வேறொரு வசனம். மிச்ச நேரம் அவரவர் கொப்பி. திருத்தும்போது விடையை எழுதிக் கொடுக்காமல், பிழை உள்ள வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் வையுங்கள். பிழையைப் பிள்ளையே தேடட்டும். எல்லாவற்றையும் நீங்களே திருத்தினால் அது உங்கள் வசனமாகிவிடும், பிள்ளை மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுக் கொப்பியை மூடிவிடும். ஒரு வாரத்துக்கு ஒரு வகைப் பிழை போதும். அந்த வாரம் எழுத்துப்பிழையைக்கூட விட்டுவிடலாம்.

"சின்னச் சின்ன வசனமாக எழுதுங்கள்" என்பதோடு மட்டும் நிறுத்தினால் எல்லா வசனமும் "நாங்கள்" என்றே தொடங்கும். "பார்த்தோம்" என்பதன் கடைசியில் வரும் "ஓம்" விகுதியே ஆளைக் காட்டிவிடுவதால் இரண்டாவது வசனத்தில் "நாங்கள்" தேவையில்லை என்று காட்டுங்கள். பிறகு நான்கு சிறு வசனங்களைக் கொடுத்து, அவற்றை இரண்டாக்கச் சொல்லுங்கள். வெட்டத் தெரிந்த பிள்ளைக்குச் சேர்க்கவும் தெரிய வேண்டும்.

கேள்வி: மகள் தரம் 4. வாயால் கதை அருமையாகச் சொல்வாள். எழுதச் சொன்னால் இரண்டு வரியோடு நின்றுவிடும். (தாய், உப்புவெளி)

அவள் சொல்வதில் ஐந்து வசனத்தை, சொன்னபடியே, ஒரு சொல்லும் மாற்றாமல் நீங்கள் எழுதுங்கள். "நாங்க கடற்கரைக்குப் போனம், அங்க நிறையப் படகு இருக்கு" என்றால் அப்படியே. பிறகு பேனையை அவளிடம் கொடுத்து, "போனம்" என்பதை "போனோம்" என்றும் "இருக்கு" என்பதை "இருக்கின்றன" என்றும் அவளே மாற்றட்டும். நாளுக்கு 10 நிமிடம் போதும். அவளுக்குச் சொல்லப் பஞ்சமில்லை; பேச்சை எழுத்தாக்கும் இடத்தில்தான் தயங்குகிறாள். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையை நினைத்து ஆயத்தக் கட்டுரைகளைப் பாடமாக்க வைக்காதீர்கள். தலைப்பு கொஞ்சம் திரும்பினாலும் பாடமாக்கிய பிள்ளை திகைத்து நின்றுவிடும்.

கேள்வி: சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகிறேன். இலக்கணப் பிழை இல்லை, ஆனால் "தொடர்பில்லை" என்று சேர் (ஆசிரியர்) எழுதுகிறார். (மாணவர், கிண்ணியா)

உங்கள் பந்தி இது: "திருகோணமலையில் இயற்கைத் துறைமுகம் உள்ளது. மேலும் அது ஆழமானது. மேலும் பிரித்தானியக் கடற்படை அதைப் பயன்படுத்தியது. மேலும் 1942இல் யப்பான் குண்டு வீசியது." இரண்டாவதையும் நான்காவதையும் இடம் மாற்றினாலும் பந்தி பெரிதாகக் கெடவில்லை. சேர் சொல்வது அதைத்தான். முந்திய வசனம் விட்ட இடத்திலிருந்து அடுத்ததைத் தொடங்குங்கள்:

"திருகோணமலையின் இயற்கைத் துறைமுகம் ஆழமானது. அந்த ஆழத்தால் பெரிய போர்க்கப்பல்களும் உள்ளே வரலாம். அதனால் பிரித்தானியக் கடற்படை அதைத் தளமாக வைத்திருந்தது. அந்தத் தளத்தைத் தாக்கவே 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் வந்து குண்டு வீசின."

இப்போது எதையும் இடம் மாற்ற முடியாது. எழுதி முடித்ததும் "மேலும்" எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள். கட்டு அறும் இடத்தில் காரணமா, விளைவா, மாறான கருத்தா என்று கேட்டால் "ஏனெனில்", "அதனால்", "ஆனால்" ஆகியவற்றில் எது வேண்டும் என்று தெரியும்.

கேள்வி: "நேற்று கடலுக்குப் போன மாமா வந்தார்" சரியா? (வாசகர், நிலாவெளி)

இலக்கணம் சரி, பொருள் இரண்டு. போனது நேற்றா, வந்தது நேற்றா? வந்தது நேற்று என்றால் "கடலுக்குப் போன மாமா நேற்று வந்தார்" என்று எழுதுங்கள். போனது நேற்று என்றால், "மாமா நேற்றுக் கடலுக்குப் போனார்; இன்று வந்தார்" என்று இரண்டாகப் பிரித்துவிடுவதே நல்லது.