முன்பக்க யூஎஸ்பி வேலை செய்யவில்லை, மதர்போர்டு மாற்றணுமா?

கேள்வி: ஆபீஸில் ஓடிய பழைய டெல் ஆப்டிபிளெக்ஸ் டெஸ்க்டாப் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். பின்பக்கம் கீபோர்டும் மவுஸும் நன்றாக ஓடுகின்றன, ஆனால் முன்பக்கம் பென் டிரைவ் செருகினால் ஒன்றுமே வருவதில்லை. கடைக்காரர் மதர்போர்டு போய்விட்டது, மாற்றத் தனியாகக் காசு ஆகும் என்கிறார். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு ஒரு பைசாவும் கொடுக்காதீர்கள். பல கம்பெனிகளில் யாரும் பென் டிரைவில் ஃபைலை எடுத்துப் போகக் கூடாது என்று யூஎஸ்பியை வேண்டுமென்றே அணைத்து வைப்பார்கள். அதை பயாஸில் (விண்டோஸ் வருவதற்கு முன்பே ஓடும், மதர்போர்டிலேயே இருக்கும் அடிப்படை செட்டிங்) செய்திருந்தால், கடைக்காரர் விண்டோஸைப் புதிதாகப் போட்டிருந்தாலும் அப்படியேதான் இருக்கும்.

முதலில் இதைப் பாருங்கள். கீபோர்டைக் கழற்றி முன்பக்கம் செருகி, கம்ப்யூட்டரை ஆன் செய்து, டெல் லோகோ வரும்போதே எஃப்2-ஐத் தட்டிக்கொண்டே இருங்கள். பயாஸ் செட்டிங்கில் யூஎஸ்பியை அணைத்திருந்தாலும் அந்தத் திரைக்குள் மட்டும் கீபோர்டும் மவுஸும் வேலை செய்யும்படிதான் டெல் வைத்திருக்கிறது. ஆகவே அங்கே அந்தக் கீபோர்டின் அம்புக்குறி விசைகளை அழுத்தும்போது திரையில் தேர்வு நகர்ந்து, விண்டோஸ் வந்ததும் கீபோர்டு செத்துப்போனால், போர்ட்டும் வயரும் நன்றாகவே இருக்கின்றன, செட்டிங்தான் காரணம்.

அப்புறம் அதே திரையில் சிஸ்டம் கான்ஃபிகரேஷன், அதற்குள் யூஎஸ்பி கான்ஃபிகரேஷன். 'எனேபிள் ஃப்ரன்ட் யூஎஸ்பி போர்ட்ஸ்' என்பதில் டிக் இருக்காது, அதைப் போட்டு அப்ளை கொடுத்து வெளியே வாருங்கள் (மாடலைப் பொறுத்து பெயர் கொஞ்சம் மாறும்). பென் டிரைவிலிருந்து விண்டோஸ் போட வேண்டுமென்றால் பக்கத்திலேயே உள்ள பூட் சப்போர்ட்டையும் டிக் செய்யுங்கள்.

ஒன்றே ஒன்று, தயவுசெய்து எல்லா செட்டிங்கையும் ஆரம்ப நிலைக்குத் திருப்பும் 'லோட் டீஃபால்ட்ஸ்' மட்டும் அழுத்தாதீர்கள். ஹார்ட் டிஸ்க் எந்த முறையில் இயங்க வேண்டும் என்று சொல்லும் சாட்டா செட்டிங், ஏஹெச்சிஐ என்ற முறையிலிருந்து ரெய்டு என்ற முறைக்கு மாறி, விண்டோஸே கிளம்பாமல் நீலத் திரையில் நின்றுவிடலாம், அதையும் கடைக்காரர் ஹார்ட் டிஸ்க் போச்சு என்பார். எதை மாற்றுவதற்கு முன்னாலும் திரையை மொபைலில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

பயாஸ் பாஸ்வேர்டு கேட்டால் அதை எடுத்துக் கொடுப்பது விற்றவரின் பொறுப்பு, உங்கள் செலவு இல்லை. டெஸ்க்டாப்பில் மதர்போர்டிலுள்ள ஜம்பரை (இரண்டு பின்களை இணைக்கும் சின்ன பிளாஸ்டிக் மூடி) கழற்றியே பெரும்பாலும் எடுத்துவிடலாம். லேப்டாப்பில் அது பெரிய தலைவலி, அதனால் ஆபீஸ் லேப்டாப் வாங்கும்போது காசு கொடுப்பதற்கு முன்பே பயாஸைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

டிக் சரியாக இருந்தும் முன்பக்கம் வரவில்லையா? கேபினெட்டிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் யூஎஸ்பி கேபிள் வண்டியில் வந்த ஆட்டத்தில் கழன்றிருக்கலாம், பவர் வயரைப் பிடுங்கிவிட்டுத் திறந்து அழுத்திப் பாருங்கள். அதிலும் சரியாகவில்லை என்றால் மதர்போர்டு ஸ்லாட்டில் செருகி யூஎஸ்பி போர்ட் சேர்க்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் யூஎஸ்பி கார்டு ஒன்று போதும், மதர்போர்டு விலையில் ஒரு சின்னப் பங்குதான் ஆகும்.