வெனிஸ் விடுதி: வரைபடம் நாலு இடம் காட்டுகிறதா?

வெனிஸில் கான்னரேஜோ வட்டாரத்தில் விடுதி பதிவு செய்திருக்கிறீர்கள், தெருப் பெயரைப் போட்டால் வரைபடம் நாலு இடம் காட்டுகிறது என்று கேட்டிருந்தீர்கள். தெருப் பெயரை விட்டுவிட்டு, வட்டாரப் பெயரையும் வீட்டு எண்ணையும் மட்டும் போட்டுத் தேடுங்கள். உங்களுக்கு "கான்னரேஜோ", அப்புறம் அந்த நாலு இலக்க எண். அவ்வளவுதான்.

நீங்கள் போட்ட "காலே தெல் ஃபோர்னோ" என்ற பெயரில் தெருக்கள் ஊர் முழுக்க இருக்கின்றன. பழைய வெனிஸின் 6 வட்டாரங்களிலும் வீட்டு எண் தெருவுக்குத் தெரு புதிதாகத் தொடங்காது. வட்டாரம் முழுவதற்கும் ஒரே வரிசை. அதனால்தான் சின்னச் சந்தில்கூட கதவுக்கு மேல் ஆயிரக்கணக்கில் எண் எழுதியிருக்கும்.

முன்பதிவுத் தாளில் அஞ்சல் குறியீட்டைப் பாருங்கள். கான்னரேஜோ என்றால் 30121. 3017 என்று தொடங்கினால் அறை தீவில் இல்லை, நீளப் பாலத்துக்கு அந்தப் பக்கம், நிலப்பரப்பில், மெஸ்த்ரே நகர்ப் பக்கம்! "வெனிஸ்" என்று பெயர் போட்டு விற்கும் மலிவு அறைகளில் இது சகஜம்.

விடுதிக்காரரிடம் பக்கத்துப் படகு நிறுத்தம் எது, அங்கிருந்து எத்தனை பாலம் என்று கேட்டு வையுங்கள். பெரும்பாலான பாலங்களில் படிதான், பெட்டியைத் தூக்க வேண்டிவரும்.

ஒன்று: குறுகிய சந்துகளில் ஜிபிஎஸ் புள்ளி அடுத்த வாய்க்காலுக்குத் தாவும். மூலைச் சுவரில் எழுதியிருக்கும் பெயரை நம்புங்கள். மஞ்சள் பலகைகள் ரியால்டோ, சான் மார்க்கோ, ரயில் நிலையம் போன்ற இடங்களுக்குத்தான் வழி காட்டும்.