சொந்தத்தில் கல்யாணம் செய்ததால் ஜீன் ஒத்துப்போய் கரு கலைகிறது என்கிறார்கள். கணவரின் ரத்த அணுக்களை ஊசியாகப் போட்டுக்கொள்ளலாமா?

நான் போட்டுக்கொண்டவள். மூன்று முறை கலைந்த பிறகு இதே காரணம்தான் எனக்கும் சொன்னார்கள். அவரிடம் ரத்தம் எடுத்து, வெள்ளை அணுக்களைப் பிரித்து, என் முன்கைத் தோலில் வரிசையாகக் குத்தினார்கள். தடித்துச் சிவந்து ஒரு வாரம் அரித்தது. அரித்தால் நல்லது என்றார் நர்ஸ். நான்காவதும் ஒன்பதாம் வாரத்தில் போய்விட்டது.

கணவர் என் அத்தை மகன். 'ஒரே ரத்தம், அதான் தங்கல' என்று மாமியார் முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டரும் அதையே எச்.எல்.ஏ என்று சொன்னதும் வீட்டில் யாரும் மறுபேச்சு பேசவில்லை.

அது முழுப் பொய்யும் இல்லை. நம் செல், அயல் செல் என்று உடம்பு பிரித்துப் பார்க்க உதவும் அடையாளங்களைத் தருபவை எச்.எல்.ஏ ஜீன்கள். தந்தை வழி வந்த அடையாளம் அயலாகத் தெரிந்தால்தான் தாயின் உடம்பு கருவைக் காக்கத் தயாராகும், ஒத்துப்போனால் தயாராகாது, கணவரின் அணுக்களை ஊசியாகப் போட்டால் பழகிக்கொள்ளும் என்பது இவர்கள் கணக்கு. அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் ஹட்டரைட் என்றொரு கிறிஸ்தவச் சமூகம். தங்களுக்குள்ளேயே மணம் முடிப்பவர்கள். இந்த ஜீன்கள் ஒத்துப்போன தம்பதிகளுக்குக் கரு கலைவது அங்கே கூடுதலாக இருந்ததைக் கரோல் ஓபர் என்ற மரபியலாளர் கண்டறிந்தார். ஆனால் ஒத்துப்போனவர்களுக்கும் குழந்தைகள் பிறந்தன. அத்தை மகன், மாமன் மகள் என்பதாலேயே ஒத்துப்போகும் என்றும் இல்லை. பொதுவான தாத்தா பாட்டியிடமிருந்து ஒரே எச்.எல்.ஏ தொகுப்பு இருவருக்கும் வந்திருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான்.

இந்த ஊசியைச் சோதித்த பெரிய ஆய்வை நடத்தியவரும் அதே ஓபர்தான். 1999-ல் முடிவு வந்தது. காரணம் தெரியாமல் மூன்று முறையாவது கலைந்தவர்களில் ஒரு பாதிக்குக் கணவரின் அணுக்கள், மறுபாதிக்கு வெறும் உப்புநீர். உப்புநீர் போட்டவர்களில் 48 சதவீதம் பேருக்குக் கர்ப்பம் கலையாமல் நிலைத்தது. அணுக்கள் போட்டவர்களில் 36 சதவீதம்தான். 2002-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, ஆய்வுக்கு வெளியே இதைப் போடக் கூடாது என்றது. இங்கே இன்னும் போடுகிறார்கள். எனக்கு அதில்தான் கோபம்.

'என்.கே செல்' டெஸ்ட் எடுக்கச் சொன்னாலும் யோசியுங்கள். எதிர்ப்புச் சக்தி தரும் வெள்ளை அணுக்களில் அது ஒரு வகை. இயற்கைக் கொல்லி என்று பேர்தானே தவிர, கருப்பையில் அவை கருவைக் கொல்வதில்லை; நஞ்சுக்கொடிக்கு ரத்தம் போகும் குழாய்கள் விரிய உதவுகின்றன. இந்தச் செல்கள் அடையாளம் பார்க்க உதவும் தாயின் கே.ஐ.ஆர் ஜீன்களும், கருவுக்குத் தந்தை வழி வந்த எச்.எல்.ஏ-சி என்ற எச்.எல்.ஏ வகையும் சரியாகச் சேராவிட்டால் அந்த வேலை மந்தமாகலாம் என்று கேம்பிரிட்ஜில் ஆஷ்லி மொஃபெட் குழு காட்டியிருக்கிறது. அதற்கென்று நிரூபணமான மருந்து ஏதும் கிடையாது. கையில் எடுக்கும் ரத்தத்தில் எண்ணினால் கருப்பைக்குள் என்ன நடக்கிறது என்றும் தெரியாது.

அப்புறம் வேறொரு டாக்டரிடம் போனோம். ஃபைலைப் புரட்டிவிட்டு, "ஆன்டிபாஸ்போலிப்பிட் பார்க்கவே இல்லையாம்மா?" என்றார். இதுவும் எதிர்ப்புச் சக்தி செய்யும் கோளாறுதான்; உடம்பே உண்டாக்கும் சில ஆன்டிபாடிகள் ரத்தத்தை எளிதில் உறையவைத்துக் கருவைக் கலைக்கலாம். ஆனால் இதற்கு வைத்தியம் உள்ளது. பன்னிரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை எடுத்தோம்; இரண்டிலும் பாசிட்டிவ். ஐந்தாவது கர்ப்பத்தில் ரத்தம் உறையாமலிருக்க தினமும் ஆஸ்பிரின், வயிற்றில் ஹெப்பாரின் ஊசி. பையனுக்கு இப்போது இரண்டரை வயது.

உங்களுக்கும் இதுவாகத்தான் இருக்கும் என்று சொல்லவில்லை. ஆரம்பத்தில் கலைவதில் ஏறக்குறைய பாதி, கருவின் குரோமோசோம் கோளாறால்தான். கணவரின் அணு ஊசிக்குப் பணம் கட்டும் முன் ஃபைலில் ஆன்டிபாஸ்போலிப்பிட்டுக்கான லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், ஆன்டிகார்டியோலிப்பின், பீட்டா 2 கிளைக்கோபுரோட்டீன் ஆகிய மூன்று டெஸ்ட்டும் இருக்கிறதா என்று பாருங்கள்.